‘குறைந்தது’, ‘மிகாமல்’, ‘போதும்’: அசமன்பாட்டுக் கணக்குகள் கேள்வி பதில்

பிளஸ் ஒன் மாணவர், அம்பாசமுத்திரம்: சார், வாக்கியக் கணக்கைப் படித்தால் புரிகிறது. அசமன்பாடாக எழுதும்போது குறி மாறிப் போகிறது. ‘குறைந்தது 10’ என்று பார்த்ததும் ≤ போட்டுவிடுகிறேன்.

தம்பி, சொல்லைப் பார்த்துக் குறி போடாதே, ஓர் எண்ணை வைத்துப் பார். ‘குறைந்தது 10 பேர் வேணும்’ என்று கேட்டவரிடம் 12 பேரைக் கூட்டிப் போனால் சரி என்பார். 8 பேர் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். ஆக 10-உம் அதற்கு மேலும், அதாவது ≥ 10. ‘மிகாமல்’, ‘அதிகபட்சம்’ வந்தால் ≤. ‘10-க்கும் குறைவாக’ என்றால் 10 சேராது, வெறும் < மட்டும்.

இன்னொன்று. மாறி எதைக் குறிக்கிறது என்று முதல் வரியிலேயே அலகோடு எழுது. ‘அ = அப்பளம்’ என்றால் பாக்கெட்டா, கிலோவா, ஒரு நாளைக்கா, வாரத்துக்கா? இது தெளிவாக இல்லாவிட்டால் அடுத்து எழுதும் எந்த வரியும் நிற்காது.

சுயஉதவிக் குழு உறுப்பினர், கல்லிடைக்குறிச்சி: அண்ணாச்சி, நாங்கள் 4 பேர். ஆளுக்கு 6 மணி நேரம் வேலை. ஒரு கிலோ அப்பளத்துக்கு 2 மணி நேரம் ஆகிறது, வடகத்துக்கு 1 மணி. காயப்போட 24 பாய் இருக்கிறது. கிலோ அப்பளத்துக்கு 1 பாய், வடகத்துக்கு 2 பாய். கடைக்காரருக்குத் தினம் 4 கிலோ வடகமாவது கொடுத்தாக வேண்டும். லாபம் அப்பளத்தில் கிலோவுக்கு 60 ரூபாய், வடகத்தில் 45. எது எவ்வளவு போடலாம்?

கணக்குக்கு வேண்டியதெல்லாம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது அக்கா. ஒரு நாளில் போடும் அப்பளம் அ கிலோ, வடகம் வ கிலோ என்று வைப்போம்.

உழைப்பு: 2அ + வ ≤ 24
பாய்: அ + 2வ ≤ 24
கடைக்காரர்: வ ≥ 4
சொல்லாமல் விட்டது: அ ≥ 0

கடைசி வரியைப் பலரும் எழுதுவதில்லை. ‘கழித்தல் 3 கிலோ அப்பளம்’ கிடையாது என்பது நமக்குத் தெரியும், தாளில் வரைந்த கோட்டுக்குத் தெரியாது.

இந்த நான்கையும் வரைந்தால் எல்லா நிபந்தனைக்கும் ஒத்துவரும் இடம் ஒரு நாற்கரமாக நிற்கும். அதுதான் ஏற்புடைய பகுதி. அதற்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் உங்களால் செய்ய முடியும். ஆனால் லாபம் உச்சத்துக்குப் போவது ஒரு மூலையில்தான், ஏனென்றால் லாபமும் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டைச் சாய்வு மாறாமல் நகர்த்திக்கொண்டே போனால் பகுதியைக் கடைசியாகத் தொடும் இடம் ஒரு மூலையாகவோ ஒரு முழு விளிம்பாகவோ இருக்கும்.

மூலைகளை அப்பளம், வடகம் என்ற வரிசையில் பார்ப்போம். (0, 4) என்றால் லாபம் 180. (0, 12) என்றால் 540. (10, 4) என்றால் 780. (8, 8) என்றால் 840. ஆகவே இரண்டிலும் 8 கிலோ போடுங்கள்.

இதோடு விடாமல் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். வடகத்தின் லாபம் 30 ரூபாய்க்கு இறங்கினால் (10, 4), (8, 8) இரண்டிலும் 720தான் வரும். அதற்கும் கீழே போனால் (10, 4)-க்கு மாறிவிடுங்கள். அப்புறம், 3 பாய் கூடக் கிடைத்தால் மூலை (7, 10)-க்கு நகரும், லாபம் 870. அதாவது கூடுதல் பாய் ஒன்றுக்கு நாளைக்கு 10 ரூபாய் மதிப்பு. வாடகை அதற்குள் இருந்தால் எடுக்கலாம். தொழில் செய்பவருக்கு இந்தக் கணக்கில் மிகவும் பயன்படுவது இந்த இடம்தான். ஆனால் தேர்வில் இதை அதிகம் கேட்பதில்லை.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: கோட்டின் எந்தப் பக்கத்தை நிழலிடுவது என்பதில் குழப்பம் சார்.

(0, 0)-ஐப் போட்டுப் பாரும்மா. உண்மை என்றால் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம், பொய் என்றால் மறுபக்கம். கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் (1, 0) மாதிரி வேறொரு புள்ளியை எடு. ≤, ≥ என்றால் முழுக்கோடு. <, > என்றால் விட்டுவிட்டு வரும் கோடு. கழித்தல் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும்: 3 < 5, ஆனால் −3 > −5.

வாசகர், மேலப்பாளையம்: 58 பேர் திருச்செந்தூர் போகிறோம். 18 பேர் உட்காரும் வேன் 6,500 ரூபாய், 6 பேர் உட்காரும் கார் 2,800. எது சிக்கனம்?

18வே + 6கா ≥ 58. ஆளுக்கு என்று பார்த்தால் வேன்தான் மலிவு. வேன் மட்டும் என்றால் 3.22 வேன். அதை 3 என்று எடுத்தால் 4 பேர் ஊரிலேயே நிற்பார்கள். 4 என்று எடுத்தால் 26,000. மூன்று வேனும் ஒரு காரும் எடுத்தால் 22,300தான். பின்னமாக வரக்கூடாத பொருள் என்றால் விடையை அப்படியே முழுதாக்காமல், பக்கத்தில் உள்ள முழு எண் சேர்க்கைகளையும் சோதித்துவிடுங்கள். 2 வேன், 4 கார் எடுத்தால் 24,200 ஆகிறது.

விவசாயி, களக்காடு: எனக்கு 4 ஏக்கர். வீட்டுக்கு ஒரு ஏக்கராவது நெல், 3 ஏக்கராவது ஏத்தன் வாழை. கையில் 4 லட்சம். என் செலவுக் கணக்குப்படி வாழைக்கு ஏக்கருக்கு ஒன்றரை லட்சம், நெல்லுக்கு 30 ஆயிரம். விடையே வரவில்லையே அண்ணாச்சி?

வராது. நிலத்தைப் பொறுத்தவரை 1 + 3 சரியாக 4. பணம் 30 ஆயிரமும் நாலரை லட்சமும் சேர்ந்து 4.8 லட்சம் கேட்கிறது. ஏற்புடைய பகுதி காலி. உங்கள் கணக்கு தப்பில்லை. இந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று சேராது, அவ்வளவுதான். இனி எதைத் தளர்த்துவது என்பது உங்கள் முடிவு: ஒன்று, 80 ஆயிரம் புரட்ட வேண்டும், அல்லது வாழையைச் சுமார் 2.46 ஏக்கரோடு நிறுத்த வேண்டும். கடனுக்கு வட்டி போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அக்கா மறுபடியும்: ஊறுகாயும் சேர்க்கப் போகிறோம். மூன்று பொருளை எப்படி வரைவது?

தாளில் வரைவது சிரமம் அக்கா. ஆனால் மூலையைத் தேடும் யோசனை அப்படியேதான் இருக்கும். 1939-இல் சோவியத் நாட்டில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்கு இப்படி ஒரு கணக்கைப் போட்டவர் கான்டரோவிச்; 1975-இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது. மூலையிலிருந்து மூலைக்கு லாபம் கூடும் திசையில் நகரும் சிம்ப்ளெக்ஸ் முறையை அமெரிக்கர் டான்ட்சிக் 1947-இல் தந்தார். குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984-இல் பகுதிக்கு உள்ளேயே நடந்து விடையை எட்டும் வழியைக் காட்டினார்.

உங்களுக்கு இதெல்லாம் கையால் போட வேண்டியதில்லை. எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் ‘சால்வர்’ என்று ஒரு வசதி உண்டு. ஊறுகாய்க்குக் கிலோவுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பாய், எவ்வளவு லாபம் என்று எழுதி அனுப்புங்கள், அசமன்பாடுகளை நான் எழுதித் தருகிறேன். ஜாடி எத்தனை இருக்கிறது என்றும் சேர்த்து எழுதுங்கள். அதற்கும் ஒரு வரி தேவைப்படும்.