ஒரே பூட்ஸில் கோண்டோலாவும் மலையேற்றமுமா?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "இரண்டு குளிர்காலமாகக் காஷ்மீரின் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றிருக்கிறேன். வரும் பிப்ரவரியில் சில நாள் கோண்டோலா கேபிள் காரில் போய்ச் சறுக்கவும், சில நாள் வழிகாட்டியோடு நடந்தே ஏறி இறங்கவும் எண்ணம். இரண்டுக்கும் ஒரே ஹைபிரிட் பூட்ஸ் போதுமா? முனிச்சில் இருக்கும் அக்கா பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். வாங்கிவரச் சொல்லலாமா? கடையில் 8-ஆம் நம்பர் ஷூ வாங்குவேன். முன்பாதம் கொஞ்சம் அகலம். எடை 72 கிலோ."

போதும். அதிலும் குல்மார்க்குக்கு இதுதான் சரி. கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் இறக்கிவிட்டதும், அங்கே செப்பனிட்ட சறுக்குப் பாதைகள் வரிசையாகக் காத்திருக்காது. நல்ல பனியைத் தேடிச் சரிவில் குறுக்காகப் போக வேண்டும், சில இடங்களில் ஏறவும் வேண்டும். தங்மார்க், துராங் பக்கம் காட்டுக்குள் இறங்கினால் கடைசியில் ரோட்டுக்கு நடைதான். கணுக்கால் அசையாத ரிசார்ட் பூட்ஸோடு அந்த நடை கொடுமை. பின்பக்க நெம்புகோலைத் தட்டினால் கணுக்கால் முன்னும் பின்னும் அசைகிற பூட்ஸ், ஒரு காலுக்கு 1,500 முதல் 1,800 கிராம் வரை எடை: உங்களுக்கு இந்த ஹைபிரிட் ரகம். மலையேற்றத்துக்கென்றே வரும், ஒரு கிலோவை ஒட்டிய டூரிங் பூட்ஸ் ஏறும்போது சுகமாக இருக்கும். கரடுமுரடான பனியில் இறங்கும்போது அது காலைப் பிடித்துக்கொடுக்காது.

ஆனால் அக்காவிடம் "8-ஆம் நம்பர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸ்கீ பூட்ஸின் அளவு மாண்டோ கணக்கில் வரும். அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். சுவரில் குதிகால் பட, தாள்மேல் முழு எடையோடு நின்று, நீளமான விரல் வரை அளந்துகொள்ளுங்கள். மாலையில் அளப்பது நல்லது. நம்மூர் வெயிலில் பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நாள் முழுக்கச் சறுக்கிய காலும் அப்படித்தான் இருக்கும். 8 போடுகிற பலருக்கு அளந்து பார்த்தால் 26 சொச்சம்தான் வரும். மாற்று அட்டவணையோ 27, 27.5 என்று சொல்லும். செருப்பில் விரலுக்கு முன்னால் இடம் விட்டே பழகிவிட்டோம், அதுதான் காரணம்.

அகலத்தில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். ஐரோப்பிய பூட்ஸ்களோ 98, 100, 102 மி.மீ. என்று அகலம் போட்டு வருகின்றன, அதுவும் பெரும்பாலும் 26.5 அளவை வைத்துச் சொன்ன கணக்கு. 98-ல் கால் நுழைக்கவே முடியவில்லை என்று நீளத்தில் ஒரு நம்பர் ஏற்றி வாங்குவார்கள். அப்புறம் குதிகால் உள்ளே ஏறி இறங்கும். கோண்டோலா நாளில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மலையேறும் நாளில் மதியத்துக்குள் கொப்புளம் வந்துவிடும். நீளம் சரியாக, அகலம் 100 முதல் 102 வரை உள்ளதாக வாங்குங்கள். சுண்டுவிரல் பக்கம் இடித்தால், பூட்ஸின் வெளி ஓடான ஷெல்லைச் சூடாக்கி அந்த இடத்தை வெளியே தள்ளிக்கொடுப்பார்கள். பாலியூரித்தேன் ஷெல் இதற்கு எளிதில் இணங்கும், எடை குறைந்த கிரிலமிட் என்ற நைலான் வகை முரண்டு பிடிக்கும். அகலக் காலுக்கு நான் கொஞ்சம் கூடுதல் எடையைத்தான் சிபாரிசு செய்வேன்.

சோதனை சுலபம். உள்ளே இருக்கும் லைனரைக் கழற்றிவிட்டு, வெறும் ஷெல்லில் காலை விட்டு, விரல்கள் முன்பக்கம் லேசாகத் தொட நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. இரண்டு விரலுக்கு மேல் தாராளமாக நுழைந்தால் அது உங்கள் பூட்ஸ் இல்லை. லைனரோடு போடும்போது மெல்லிய சாக்ஸ் ஒன்றே போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சில்லிட்டுப்போகும்.

பூட்ஸின் விறைப்பைச் சொல்லும் ஃப்ளெக்ஸ் எண்ணைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். கம்பெனிகளுக்குள் பொது அளவுகோல் கிடையாது, ஒருவரின் 110 இன்னொருவரின் 100. உங்கள் எடைக்கும் அனுபவத்துக்கும் 100-ஐ ஒட்டி எடுங்கள். பாலியூரித்தேன் குளிரில் இறுகும், அதனால் கடையில் இதமாகத் தெரிவது மலைமேல் விறைப்பாகத்தான் இருக்கும்.

நான் உண்மையில் கவலைப்படுவது அடிப்பாகத்தைப் பற்றி. பழைய ரிசார்ட் பூட்ஸின் தட்டையான அடி ஐ.எஸ்.ஓ. 5355 தரம். வளைந்த ரப்பர் அடியுள்ள டூரிங் பூட்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 9523. இன்றைய ஹைபிரிட்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவிலான கிரிப்வாக் அடியோடும், முனையிலும் குதிகாலிலும் ஊசி பைண்டிங்குக்கான (பைண்டிங் என்பது பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) உலோகக் குழிகளோடும் வருகின்றன. குல்மார்க்கில் வாடகை ஸ்கீ எடுத்தால் அதிலிருக்கும் பைண்டிங் தட்டை அடியை மட்டுமே ஏற்கும் பழையதாக இருக்கலாம். உங்கள் பூட்ஸ் அதில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். விழுகிறபோது கழன்றுவிட வேண்டிய நேரத்தில் கழலுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முழங்கால் தசைநார் போனால் ஒரு வருடம் போச்சு. 'மாட்டிக்கொண்டதே' என்று திருப்திப்படாமல், பைண்டிங்கில் கிரிப்வாக் அல்லது, பல தர அடிகளையும் ஏற்கும் என்பதற்கான எம்.என்.சி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்ஸின் குதிகால் பக்கம் அடி நீளம் மி.மீ.-இல் பொறித்திருக்கும். வாடகைக்குத் தருகிறவர் அந்த எண்ணையும் உங்கள் எடை, உயரம், வயது, திறமையையும் வைத்துத்தான் பைண்டிங்கைத் திருக வேண்டும்.

பின்னால் சொந்த ஸ்கீ வாங்கினால், 2018-இல் வந்த சாலமன் ஷிஃப்ட் போல, ஏறும்போது ஊசியில் நின்று இறங்கும்போது வழக்கமான பைண்டிங்காக மாறும் ரகத்தைப் பாருங்கள்.

இனி அக்கா விஷயம். ஐரோப்பாவில் இணையம் வழி வாங்கியதைத் திருப்புவதாக, பொருள் கையில் கிடைத்த 14 நாளுக்குள் அறிவித்தால் போதும். பொருளை அனுப்ப அதற்குப் பிறகு இன்னும் 14 நாள் உண்டு. அக்கா கிளம்பும் வாரத்தில் பார்சல் வருகிற மாதிரி, வெவ்வேறு கம்பெனியில் ஒரே அளவில் இரண்டு ஜோடி ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். ஊருக்கு வந்த அன்றைக்கே ஷெல் சோதனை செய்து, சேராததை அவரோடே திருப்பி அனுப்பிவிடலாம். அதற்குமுன் லைனரைச் சூடாக்கிக் காலுக்கு வார்க்கவோ, வெளியே நடக்கவோ கூடாது. இரண்டுமே சேரவில்லை என்றால் இந்த வருடம் வாடகைதான். குல்மார்க் கடைகளில் டூரிங் பூட்ஸின் அளவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அக்காவின் நண்பர் யாராவது பரணில் கிடக்கும் பழைய பூட்ஸைச் சும்மா தருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். வயதான பிளாஸ்டிக் பார்க்கப் புதிதாக இருந்து, மலைமேல் விரிசல் விடும்.

அதே வியாதி நம் வீட்டிலும் வரும். பாலியூரித்தேனுக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. டெல்டாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே பரணில் போடாதீர்கள், பாலிதீன் பையில் கட்டியும் வைக்காதீர்கள். ஊர் வந்ததும் லைனரை வெளியே எடுத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள், வெயில் வேண்டாம். உலோகக் குழிகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பக்கிள்களை லேசாக மாட்டி, துணிப்பையில், வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், லைனரில் பூஞ்சை பிடிப்பது அப்போதுதான்.

திருச்சியில் விமானம் ஏறும்போது பூட்ஸைக் கைப்பையோடு கொண்டுபோக முடியுமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். ஸ்கீ தொலைந்தால் வாடகைக்குக் கிடைக்கும், காலுக்குச் சேர்ந்த பூட்ஸ் கிடைக்காது. நடந்து ஏறுகிற நாளுக்குப் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் உங்களிடமும் வழிகாட்டியிடமும் இருக்க வேண்டும். முதல் நாளே அவற்றை வைத்துப் பயிற்சி கேளுங்கள்.