அது கோகெய்ன் பிடிக்கிற இடம்தான், ஆனால்...

கேள்வி: என் 9 வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) என்று சொல்லி டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பார்மசி படிக்கும் என் அண்ணன் மகள், "அத்தை, மூளையில் கோகெய்ன் பிடிக்கிற அதே இடத்தைத்தான் இதுவும் பிடிக்கும்" என்கிறாள். பயத்தில் அட்டையைப் பிரிக்கவே இல்லை. கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அண்ணன் மகள் சொன்னது சரிதான், பாதிவரை.

ஒரு நரம்புச் செல் டோபமைன் என்ற ரசாயனத்தை வெளியே விட்டதும், அது சின்ன இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லைத் தூண்டும். வேலை முடிந்தும் அங்கேயே கிடந்தால் தூண்டல் ஓயாது என்பதால், விட்ட செல்லே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இதுதான் மறுஉறிஞ்சல். இழுப்பது, செல்லின் சவ்வில் இருக்கும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற புரதம். நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை ரசாயனமும் இப்படித்தான் திரும்ப இழுக்கப்படுகிறது என்று 1960-களின் தொடக்கத்தில் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் ஆக்சல்ராட் (1970-ல் நோபல் வாங்கினார்). கோகெய்ன் அந்த இழுப்பைத் தடுக்கிறது என்றும் அவருடைய குழு அப்போதே சொல்லிவிட்டது.

கோகெய்னைப் போலவே மெத்தில்ஃபெனிடேட்டும் டோபமைனை இழுக்கிற புரதத்தில் போய் உட்கார்ந்து அதை அடைக்கிறது. ஆனால் எவ்வளவு வேகமாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊசியில் ஏற்றிய கோகெய்ன் சில நிமிடங்களிலேயே மூளையில் உச்சத்தைத் தொடும்; விழுங்கிய மாத்திரை குடல், கல்லீரல் எல்லாம் கடந்து அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். 1990-களில் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு பெரியவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, வழக்கமான அளவு மாத்திரையே பாதிக்கு மேற்பட்ட டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர்களை அடைத்திருந்தது, ஆனாலும் பொதுவாக ஜிவ்வென்று போதை ஏறவில்லை. டோபமைன் திடீரென்று எகிறினால்தான் அந்தப் போதை. மெல்ல ஏறினால் கவனம் கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். இதே மாத்திரையைப் பொடித்து மூக்கில் இழுத்தால் கதை மாறிவிடும், அதனால் அலமாரியைப் பூட்டி வையுங்கள்.

ஆம்ஃபிட்டமின் என்ற இன்னொரு ஊக்க மருந்து இன்னும் ஒருபடி மேலே. அடைப்பதோடு நிற்காமல் டிரான்ஸ்போர்ட்டர் வழியாகவே செல்லுக்குள் புகுந்து, அங்கே பைகளில் சேமித்திருக்கும் டோபமைனைக் கசியவிட்டு, உள்ளே இழுக்கிற அந்தப் புரதமே டோபமைனை வெளியே தள்ளும்படி செய்துவிடும். உங்கள் பையனின் மாத்திரை அந்த வேலையைச் செய்வதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது பசியை. மதியம் டிபன் பாக்ஸ் கொண்டுபோனபடியே திரும்பி வரலாம், அதனால் மாத்திரைக்கு முன் காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுங்கள், சாயங்காலம் பசி திரும்பும்போது இன்னொரு தடவை. தூக்கம் தள்ளிப்போகலாம். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் டாக்டர் அவ்வப்போது பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மாத்திரையை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்கள் கொடுத்துவருவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைப் பங்குபோடுகிறார்கள். ஸ்ட்ராங் காபி மாதிரிதானே சார்?
- ஒரு மாணவர், கோவை

பதில்: இல்லை தம்பி. காபியில் உள்ள கஃபீன் மறுஉறிஞ்சலைத் தொடுவதே இல்லை, அது தூக்கம் வரவைக்கும் அடினோசின் என்ற ரசாயனம் செல்லில் போய் ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) மறிக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கைமாற்றினால் வார்டனோடு முடியாது, போலீஸ் வரும்.