சீறட்டும், முகர்ந்து பார்க்க விடுங்கள்

கேள்வி: அக்கா, எங்கள் பில்டிங் மீட்டர் ரூமில் கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்று மழையில் நனைந்து கிடந்தது. பகல் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தோம், தாய் வரவே இல்லை. கீழ்வீட்டுப் பாட்டியின் பூனை மூன்று குட்டி போட்டுப் பத்து நாள் இருக்கும். அதனிடம் கொண்டுபோய் விட்டதும் சீறியது. தலையைப் பிடித்துக்கொண்டு குட்டிக்குப் பால் கொடுக்க வைக்கலாமா?
- வாசகர், செம்பூர், மும்பை

பதில்: பிடிக்கவே பிடிக்காதீர்கள் தம்பி. பிடித்து அழுத்தினால் அவளுக்கு வரும் பயம் இந்தக் குட்டியின் வாசனையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தன் குட்டிகளையும் கவ்விக்கொண்டு பாட்டியின் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். முன்பின் தெரியாத வாசனை குட்டிகள் நடுவே வந்தால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? மூன்று எப்படி நான்காயிற்று என்று எந்தப் பூனையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவளுக்கு எல்லாம் மூக்குதான்.

மறுபடி அவளிடம் விடுவதற்கு முன்னால் குட்டியின் உடம்பு சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதில் அதற்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. வாய்க்குள் விரல் நுனியை வைத்தால் ஜில்லென்று இருக்கிறதா? அப்படியானால் பால் பேச்சே வேண்டாம், குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்து படுக்க இடம் விடுங்கள். ஜில்லிட்ட குட்டியைத் தாய் ஒதுக்கித் தள்ளுவதும் உண்டு. உங்கள் குட்டி நனைந்து கிடந்தது என்கிறீர்கள், அவள் சீறியதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

அடுத்தது டாக்டர். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். தெருவில் கிடந்த குட்டி பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே பான்லூகோபீனியா என்ற கொடிய பூனைத் தொற்றுநோயின் கிருமி இருந்தால் பாட்டியின் மூன்று குட்டிகளுக்கும் சேர்த்து ஆபத்து. தெள்ளுப்பூச்சி, படர்தாமரை, கண்ணில் பீளை எல்லாம் பார்க்க வேண்டும். தாய்ப்பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பக்கத்தில் டாக்டர் கிடைக்காவிட்டால் பரேலில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது.

டாக்டர் சரி என்ற பிறகு, தாய் படுக்கும் துணியால் குட்டியை முதுகு, வயிறு, வால் என்று மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். அவள் குட்டிகளோடும் சற்று உரசவிடுங்கள். உங்கள் கையில் சோப்பு, சென்ட் வாசனை இருக்கக் கூடாது. அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, மூன்று குட்டிகளுக்கும் நடுவில் இதைச் செருகிவிட்டு விலகி வந்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூடினால் காரியம் கெட்டுவிடும்.

மாட்டுங்காவில் எங்கள் மாடிப்படி வளைவில் குட்டி போட்டிருந்த வரிப்பூனை ஒருத்தியிடம் இப்படித்தான் ஒரு குட்டியைச் சேர்த்தேன். மீன் தலையைத் தின்றுவிட்டு வந்தவள் பெட்டி விளிம்பிலேயே நின்றுவிட்டாள். புதுக்குட்டியின் தலையை முகர்ந்தாள், சின்னதாக ஒரு சீறல். பிறகு மூக்கால் அதைப் புரட்டி, வாலுக்கடியில் முகர்ந்து, அங்கேயே நக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இந்த வயதுக் குட்டிக்குத் தானாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். அங்கே நக்கத் தொடங்கிவிட்டாள் என்றால் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டாள் என்று நம்பலாம்.

லேசான சீறலுக்கு ஓடாதீர்கள். காதை மடக்கி உறுமினாலோ, நகத்தால் அறைந்தாலோ உடனே குட்டியை எடுத்துச் சூடாக வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி தேய்த்து விடுங்கள். முதல் ராத்திரி பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் முடியாது. பூனைக்குப் பொதுவாக எட்டுக் காம்பு, நான்கு குட்டிக்குத் தாராளம். ஆனால் பெரிய குட்டிகள் சின்னதை மிதித்துக்கொண்டு போகும். காய்கறி நிறுக்கும் சின்னத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குட்டிகளுக்கான பால் பவுடர் கொஞ்சம் நீங்கள் கொடுங்கள். தாய்க்குத் தீனியும் தண்ணீரும் குறைவில்லாமல் வையுங்கள். செலவில் பாதியைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டால் நல்லது தம்பி, பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்கூடத் தீனி வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆனாலும் நான் எடுத்து வந்த குட்டியை அணைத்து நக்கிக்கொண்டே இருக்கிறாள். அவள் பொறுப்பில் விட்டுவிடலாமா?
- வாசகி, முலுண்ட், மும்பை

பதில்: டாக்டர் குட்டியைப் பார்த்துவிட்டார் என்றால் சூட்டுக்கும் சுத்தத்துக்கும் தாராளமாக விடுங்கள், அவளைவிட நன்றாக உங்களால் செய்ய முடியாது. பால் மட்டும் உங்கள் வேலை. பிறந்த புதிதில் ராத்திரியும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, குட்டியைக் குப்புறப் படுக்க வைத்தே கொடுக்க வேண்டும். மல்லாத்தினால் புரையேறிவிடும். பாக்கெட் பால் வேண்டாம், பேதியாகும். குட்டி அவளுடைய வெறும் காம்பைச் சப்பிக்கொண்டிருக்கும், புண்ணாகிறதா என்று தினமும் அவள் வயிற்றைத் தடவிப் பாருங்கள்.