பீடோர் அக்கா பதில்கள்: பயிற்சிக்கு எந்த நேரம்?

கேள்வி: அக்கா, நான் முதுகலை மாணவி. பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சியை மாணவர்களுக்கு மாணவர்களே நடத்தும் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறோம். இந்தப் பருவத்தில் ஆறு துறைகளுக்கு நடத்த வேண்டும். நேரம் வாங்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. ஒரு துறை வெள்ளிக்கிழமை மாலை 4.30-ஐத் தருகிறது. இன்னொன்று, "எல்லாரையும் மண்டபத்தில் உட்கார வைத்து ஒரே நாளில் முடித்துவிடுங்கள்" என்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தாப்பா

பதில்: தங்கச்சி, மண்டபம் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மண்டோரை, அதாவது வேலை மேற்பார்க்கும் ஆளைப் பற்றிப் பெண்களிடையே புகார் எழுந்தது. நிர்வாகம் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் கூட்டத்தில், எல்லாரையும் நிற்க வைத்து, "குறை இருந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்றது. பேர் கூப்பிட்டு, யார் எந்த மர வரிசையில் வெட்டுவது என்று நிரை பிரித்துக் கொடுப்பவர் அதே மண்டோர்தான். பேர் புத்தகத்தோடு முன்னால் நிற்கிறார். அம்மா தலைத்துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று மத்தியானம் பால் நிறுக்கும் ஸ்டோரில், வாளி கழுவிக்கொண்டே நான்கு பெண்கள் எல்லாவற்றையும் பேசினார்கள்.

பேச்சு எங்கே வரும், எப்போது வரும் என்று பார்த்துத்தான் அட்டவணை போட வேண்டும். அப்புறம் நானே 22 வருடம் ஒரு கல்விக்கூடத்தில் துறைக் கிராணியாக (எழுத்தராக) ஆய்வுக்கூட அட்டவணை போட்டவள், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

14 வாரப் பருவம் என்றால், முதல் இரண்டு வாரம் தொடாதே. பாடம் சேர்ப்பதும் விடுவதுமாகப் பெயர்ப் பட்டியலே நிலைக்காது. நடுப்பருவத் தேர்வு நெருங்கினால் யாரும் வரமாட்டார்கள். 3, 4, 5 ஆகிய மூன்று வாரங்கள்தான் உனக்கு. வெள்ளி 4.30-க்குப் பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். தொழுகை நேரத்தால் வெள்ளி மத்தியானமும் ஆகாது. நோன்பு மாதத்தில் வந்தால் காலை பத்து மணிக்கு வை. புதிய நேரம் எதுவும் கேட்காதே. வாராந்தரக் கருத்தரங்கு நேரம் பல துறைகளில் இருக்கும், அதில் ஒன்றைக் கேள். ஏற்கெனவே எல்லாருடைய நாட்காட்டியிலும் இருக்கும் நேரம் அது.

ஒவ்வொரு துறைக்கும் இரண்டு அமர்வு, ஒன்று காலை, ஒன்று மாலை. ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடச் சோதனையை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு அதுதான் வழி. ஆளுக்கு ஒன்று போதும். 25 பேருக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மணி நேரம். பெரிய துறையென்றால் இன்னொரு அமர்வு கூட்டிக்கொள். எட்டுப் பேரும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தால் நான்கு ஜோடி. 12 அமர்வு, ஜோடிக்கு மூன்று, வாரத்துக்கு ஒன்று. தாங்கக்கூடிய கணக்கு. ஆனால் உன் சொந்தத் துறைக்கு நீ போகாதே. உன் மேற்பார்வையாளரின் பிள்ளைகள் உன் முன்னால் எப்படிப் பேசுவார்கள்? வேதியியல் ஜோடி கணிதத்துக்குப் போகட்டும்.

விரிவுரையாளர்களுக்குத் தனி அமர்வு கேள். மேற்பார்வையாளரையும் மாணவியையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தால் அது பெரட்டுதான். துறைத் தலைவர் தம் பெயரிலேயே அழைப்பு அனுப்பட்டும், முதல் ஐந்து நிமிடம் வந்து பேசிவிட்டு வெளியே போகட்டும். இதைக் கூச்சப்படாமல் கேள். அலுவலகப் பணியாளர்கள், ஆய்வுக்கூட உதவியாளர்கள், கூட்டித் துடைக்கும் அக்காமார்கள் எல்லாரையும் பட்டியலில் சேர். எந்த அறை எப்போது காலியாக இருக்கும், யார் அங்கே காத்திருப்பார் என்பது கூட்டும் அக்காவுக்குத் தெரிந்த அளவு தலைவருக்குத் தெரியாது.

வெறும் விளக்கப் படங்களை ஓட்டாதே. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் ஆபாசப் படம் போடுகிறார், இரவு பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் "தூங்கிவிட்டாயா?" என்று கேட்கிறார். இதில் பக்கத்திலிருப்பவர் என்ன செய்யலாம்? "வா, ஆபீஸில் உன்னைத் தேடுகிறார்கள்" என்று நடுவில் புகுந்து தோழியை அழைத்துப் போகும் அந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

முடிந்த பிறகு அரை மணி நேரம் அந்த அறை உங்கள் கையில் இருக்க வேண்டும், கடைசி பஸ்ஸுக்கும் முன்பாக. பேசுகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. நீ விசாரணை அதிகாரி இல்லை. கேள், நம்பு, எங்கே புகார் செய்வது என்று காட்டு. அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999 கரும்பலகையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் துறைத் தலைவர், "இங்கே இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை, பயிற்சி எதற்கு?" என்கிறார்.
- ஒரு மாணவர், கம்பார்

பதில்: அந்த வருடம் எங்கள் தோட்டத்துப் புகார் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: புகார் கொடுக்க வேண்டிய இடம், ஆள், படிவம் இவை எங்கே என்று உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி: அக்கா, என் அம்மா செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். அங்கெல்லாம் பயிற்சி எதுவும் கிடையாது. சட்டம் ஏதாவது இருக்கிறதா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இருக்கிறது தம்பி. 2023 ஜனவரி 1 முதல், பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி முதலாளி ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம். புகார் வந்தால் விசாரிக்க வேண்டும், மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், அதாவது சட்டம் 840, தனி நடுவர் மன்றத்தையே அமைத்திருக்கிறது. விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும், 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை இழப்பீடு விதிக்கலாம். கையால் தொட்டால்தான் தொல்லை என்றில்லை. பேச்சு, படம், சைகை எல்லாம் அதில் அடங்கும்.

இன்று வேலை முடிந்து வந்ததும் அம்மாவிடம் அந்த அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது என்று கேளுங்கள். மலாயில் மட்டும் இருந்தால் தமிழிலும் வங்காளத்திலும் நேபாளியிலும் ஒட்டச் சொல்லி ஆலை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.