அழித்த படங்களை மீட்டுத் தர 5,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கைபேசியில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்தபோது வேண்டிய படங்களும் போய்விட்டன, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன், கடைக்காரர் 5,000 ரூபாய் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது கொடுக்காதீர்கள். இதே வேலையைச் செய்துவிட்டு இப்படியொரு கடை வாசலில் அம்மாவுடன் நின்றவன் நான்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து. சிவகங்கைப் பக்கம் குலதெய்வக் கோயில். தாய்மாமன் என்பதால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியவன் நான்; அதனால் படமெல்லாம் அம்மாவின் கைபேசியில்தான் எடுத்தார்கள். 150 படங்களுக்கு மேல் இருக்கும். இரண்டு மாதம் கழித்து, "எதைத் தொட்டாலும் இடமில்லை என்கிறது, கொஞ்சம் பார்" என்று அம்மா அதை என்னிடம் கொடுத்தார். திறந்தால் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை அம்மன், குத்துவிளக்கு, மறுபடியும் ரோஜாப்பூ. ஒவ்வொன்றாகத் தொட்டு அழிக்கப் பொறுமை இல்லை. விரலை வைத்து அப்படியே கீழே இழுத்தேன். வாரக்கணக்கில் படங்கள் மொத்தமாகத் தேர்வாகின. அழித்தேன். இடம் கூடவில்லை. எப்படிக் கூடும்? குப்பைத்தொட்டியில் கிடக்கும்வரை படம் அதே இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அது தெரியாமல் குப்பைத்தொட்டியையும் தேடிப் பிடித்துக் காலி செய்தேன்.

அந்தத் துணிச்சலுக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மாவின் கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அழித்தால் என்ன, மேலே ஒரு பிரதி இருக்கிறதே என்று நினைத்தேன். நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுக் கண்ணாடியில் தெரியும் பொட்டு மட்டும் மிஞ்சும் என்று நினைப்பது மாதிரிதான் அது. அந்தச் செயலிக்குள் நின்று ஒரு படத்தை அழித்தால் கைபேசியிலும் போகும், கூகுள் கணக்கிலும் போகும். கைபேசியில் மட்டும் அழித்து மேலே வைத்துக்கொள்ள, இடத்தைக் காலியாக்கும் வசதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் அழுத்தியிருக்க வேண்டும். ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான்: ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

ஒரு வாரம் கழித்து, ஆல்பம் போட வேண்டும் படங்களை அனுப்பு என்று அக்கா கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "மடியில் உட்கார வைத்த மாமனே அழித்துவிட்டான்" என்று அன்று தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், எந்தக் குப்பைத்தொட்டியை? ஒரே கைபேசியில் இரண்டு மூன்று இருக்கலாம். சாம்சங் கேலரிக்குத் தனியாக ஒன்று உண்டு, 30 நாள் வைத்திருக்கும். கூகுள் போட்டோஸுக்குத் தனி. பேக்கப் ஆன படத்தை 60 நாளும் ஆகாததை 30 நாளும் வைத்திருக்கும். ஃபைல்ஸ் செயலியில் அழித்திருந்தால் அங்கும் ஒன்று. ஐபோனில் சமீபத்தில் நீக்கியவை என்ற தொகுப்பில் 30 நாள், சில சமயம் 40 நாள்வரை கிடக்கும். இவற்றையெல்லாம் பாருங்கள். கூகுள் போட்டோஸைக் கணினியிலும் திறந்து பாருங்கள். வீட்டில் கைபேசி மாறும்போதெல்லாம் புதுப்புது ஜிமெயில் கணக்கு தொடங்கியிருப்பார்கள். பழைய கணக்கில் பழைய படங்கள் தூங்கிக்கொண்டிருக்கும். படத்தைக் கூகுள் போட்டோஸின் காப்பகத்துக்குள் (ஆர்கைவ்) தள்ளிவிட்டு அழிந்துவிட்டது என்று அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் காலியா? அப்படியானால் கடைக்காரர் என்ன செய்வார் என்று சொல்கிறேன். எங்களிடம் 4,500 கேட்டார். கைபேசியைக் கணினியில் மாட்டி ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டினார். ஐந்தே நிமிடத்தில் திரை முழுக்கக் குட்டிக் குட்டிப் படங்கள், ஆயிரக்கணக்கில். "பாருங்கம்மா, எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒன்றிரண்டைப் பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாகவில்லை, மங்கலான கட்டங்களாக உடைந்தன. கேலரியை வேகமாகக் காட்டுவதற்காகக் கைபேசி தானே செய்து வைத்துக்கொள்ளும் சிறு உருக்கள் அவை. பாதிக்கு மேல் ரோஜாப்பூ. முழுப் படம் வேண்டுமானால் கைபேசியை ரூட் செய்ய வேண்டும், அதாவது அதன் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுக்க வேண்டும், அதற்குத்தான் காசு என்றார். பெரும்பாலான கைபேசிகளில் ரூட் செய்யும் முன், கைபேசியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த உடனே கைபேசி தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதன் பாதுகாப்பு ஏற்பாடே அதுதான். மீட்கப் போய் மிச்சத்தையும் இழப்பதற்கு 4,500 ரூபாயா என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முன்பணம் கொடுக்காததற்கு அவர் முறைத்ததைச் சொல்லத் தேவையில்லை.

ஏன் முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போவீர்கள். பழைய கணினிகளில் ஒரு கோப்பை அழிப்பது, ரேஷன் கடைப் பேரேட்டில் ஒருவர் பெயரை அடித்துவிடுவது மாதிரி. பெயர்தான் இல்லை, ஆள் வீட்டில்தான் இருப்பார். கதவைத் தட்டினால் வருவார். மீட்கும் மென்பொருள்கள் பிழைத்தது இந்த ஓட்டையில்தான். இன்றைய கைபேசியில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல் இந்த ஏற்பாடு தொடங்கியது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் அந்தப் பதிப்போடு வெளிவரும் புதிய கைபேசிகளுக்குக் கட்டாயமானது. கோப்பை அழிக்கும்போது அந்தப் பெட்டியைத் திறக்கத் தேவையான குறிப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. பெட்டியைத் தேடி எடுத்தாலும் திறக்க வழியில்லை. ஐபோனிலும் கோப்புக்கு ஒரு சாவி என்ற இதே முறைதான்.

பெட்டியும் அதிக நாள் இருக்காது. கைபேசியின் நினைவகச் சில்லில், எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் ஒரு தொகுதியை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் எழுத முடியும். எழுதும் நேரத்தில் துடைத்துக்கொண்டிருந்தால் வேகம் குறையும் என்பதால், எந்தெந்த இடம் வேண்டாதது என்று கைபேசி அவ்வப்போது சில்லுக்குச் சொல்லிவிடுகிறது. சில்லு ஓய்வாக இருக்கும்போது துடைத்துக்கொள்கிறது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 முதல் இது தானாக நடக்கிறது, பெரும்பாலும் சார்ஜில் போட்டுவிட்டு நாம் தூங்கும் நேரத்தில். விடிகாலையில் வாசல் பெருக்குவது போல. நான் அழித்து ஏழு இரவு கழிந்திருந்தது.

கீழே விழுந்து செத்துப்போன கைபேசியிலிருந்து படங்களை எடுத்துத் தருகிறவர்கள் உண்டு, அது உண்மையான தொழில். அங்கே படம் அழியவில்லை. பலகையைச் சரிசெய்து உயிர் கொடுத்து, உங்கள் பின் எண்ணைப் போட்டால் திறந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு இதுவும் முடியும் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று, உங்கள் பின் எண்ணோடு கைபேசியைக் கடையில் விட்டுவிட்டு வருவது, வங்கிச் செயலிகளையும் சேர்த்து விட்டுவிட்டு வருவதாகும்.

ஆனால் மெமரி கார்டு வேறு சங்கதி. உங்கள் படங்கள் கார்டில் இருந்தனவா? அப்படியானால் இப்போதே கைபேசியை அணைத்துக் கார்டைக் கழற்றுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

கார்டு இன்னும் அந்தப் பழைய ரேஷன் பேரேட்டுக் காலத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலும் பூட்டு கிடையாது, பெயரை அடித்துவிட்டு விட்டுவிடுகிறது. எங்களுக்கு வழி பிறந்தது இப்படித்தான். சித்தப்பாவும் அன்று நிறைய எடுத்திருந்தார். அவரும் இடமில்லை என்று அழித்திருந்தார் (எங்கள் குடும்பத்து வியாதி). ஆனால் அவருடையது பழைய கைபேசி, 16 ஜிபி கார்டில் சேமித்தது. கார்டை ரீடரில் போட்டு மடிக்கணினியில் மாட்டி ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டினேன். இலவசம், திறந்த மூலம். பார்க்கக் கறுப்புத் திரையில் எழுத்துகளாக இருப்பதால் பயமுறுத்தும்; பயப்படாதீர்கள். அது பேரேட்டைப் பார்ப்பதே இல்லை. ஒரு ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடுதான் தொடங்கும். கார்டை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், அந்தத் தலை தெரிகிற இடத்திலெல்லாம் பிடித்து வெளியே இழுத்துப் போடுகிறது. இழுத்ததை அதே கார்டில் மட்டும் சேமித்துவிடாதீர்கள். மீட்கும் படமே மீட்கப்படாத படத்தின் மேல் போய் உட்காரும். மடிக்கணினியில் ஒரு புதுக் கோப்புறையைக் காட்டுங்கள்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. பழைய பெயர்கள் எதுவும் வராது, எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாக ஒரு குவியல் வரும். அதில் காதுகுத்துப் படங்கள் 61. சில படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம்; அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. பத்தர் ஊசியை எடுக்கும் படம் முழுதாக வந்தது, ஆனால் அவருடைய முழங்கை என் முகத்தை மறைத்திருந்தது. கூடவே சித்தப்பா போன வருடம் சீட்டு ஆடிய மேசைகளின் படங்களும் வந்தன. சித்தியிடம் காட்டவில்லை. பழைய கைபேசியை விற்கும்போது கார்டைக் கொடுத்துவிடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கார்டைக் கைபேசியின் உள் நினைவகமாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கிறது, அப்படிச் சேர்த்திருந்தால் கார்டும் பூட்டப்பட்டுவிடும், இந்த வித்தை பலிக்காது.

கார்டு இல்லையென்றால் வாட்ஸ்அப். அன்று மாலையே அம்மா குடும்பக் குழுவுக்கு 38 படங்கள் அனுப்பியிருந்தார். ஆண்ட்ராய்டில் நாம் அனுப்பும் படத்துக்கு வாட்ஸ்அப் ஒரு பிரதி எடுத்துத் தன் கோப்புறையில் சென்ட் என்ற உள்ளறையில் வைக்கிறது; அந்த அறை கேலரியில் தெரியாது. தெரியாததால்தான் என் விரலுக்குத் தப்பியது. ஃபைல்ஸ் செயலியில் ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று வரிசையாக உள்ளே போனால் கிடைக்கும். 38-ம் இருந்தன. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நீளப் பக்கம் ஏறக்குறைய 1,600 புள்ளிகள் இருக்கும். சுவரில் மாட்டப் போதாது, 4×6 அளவில் ஆல்பத்துக்குத் தாராளமாகப் போதும். ஸ்டுடியோக்காரர் முகம் சுளிக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் எல்லாவற்றையும்விடப் பலன் கொடுத்தது, அதற்கு ஒரு மென்பொருளும் தேவைப்படவில்லை. விசேஷத்துக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அம்மா பீரோவைத் திறந்து மொய் நோட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக அழைத்தேன். "அன்றைக்குப் படம் ஏதாவது எடுத்தீர்களா?" என்று கேட்டால், ஐந்து பேரில் ஒருவராவது எடுத்திருந்தார். திருப்பூரிலிருந்து வந்திருந்த அத்தை மகன் 44 படங்களை அசல் அளவிலேயே வைத்திருந்தான். அவனை நேரே படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் சுருங்காது. நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பெரியப்பா வீட்டிலிருந்துதான், குழந்தை வாயைப் பிளந்து அழும் படம் வந்தது. 501 ரூபாய் எழுதியவர் அவர். அழைப்பதற்கு அந்த நோட்டு ஒரு சாக்காக இருந்தது.

உங்கள் படங்கள் என்ன படங்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விசேஷப் படமானால் வந்தவர்களைக் கேளுங்கள். சுற்றுலாவானால் கூட வந்தவர்களை. சான்றிதழ், பத்திரம் மாதிரியானவை என்றால் எந்த அலுவலகத்துக்கு, எந்த மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினீர்கள் என்று அனுப்பிய அஞ்சல்களில் தேடுங்கள். தனியாக எடுத்து, யாருக்கும் அனுப்பாமல், கைபேசியின் உள்ளே மட்டும் வைத்திருந்த படமானால் அது போனது போனதுதான். 5,000 ரூபாயாவது மிஞ்சட்டும்.

அக்காவின் ஆல்பம் வந்துவிட்டது. என் முகம் தெளிவாகத் தெரிவது இரண்டே படங்களில்தான். அம்மாவின் கைபேசி மறுபடியும் இடமில்லை என்கிறது. ரோஜாப்பூக்களை அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கிறார், என் கையில் கொடுப்பதில்லை.