நீலகிரியில் பழைய தகரக் கூரை வீட்டுக்கு சோலார் போட்டால் விறகு, கேஸ் செலவு குறையுமா?

குறையும். ஆனால் கரண்டு தரும் பேனலை முதலில் போடாதீர்கள். வெந்நீரிலிருந்து ஆரம்பியுங்கள்.

கோத்தகிரி பக்கம் எங்கள் வீட்டில் சமையலைவிடக் குளிக்கத்தான் விறகு அதிகம் போனது. ஆடி மழையில் சீகை விறகு நனைந்து புகையும். அம்மா ஊதி ஊதியே இருமல் வாங்கிக்கொண்டார். அதைப் பார்க்க முடியாமல் கீசர் வாங்கினோம். கணக்குப் போட்டால், 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற சுமார் மூன்றரை யூனிட் ஆகிறது. தினமும் அவ்வளவு வேண்டுமென்றால் இரண்டு மாதத்தில் 200 யூனிட் தாண்டிவிடும். அரசு தரும் 100 யூனிட் இலவசம் வெந்நீருக்கே போதாது.

அப்புறம்தான் சோலார் ஹீட்டர் வைத்தோம். வாங்கும்போது கண்ணாடிக் குழாய் வகையாகக் கேளுங்கள். செப்புக் குழாயும் தகடும் கொண்ட வகையில், உறைபனி இரவில் உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்தால் குழாய் வெடித்துவிடும். பக்கத்து வீட்டில் ஒரு தை மாதம் அப்படித்தான் ஆனது. கண்ணாடிக் குழாய் ஃபிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். குளிரில் சூட்டை விடாது. ஆனால் நாலு நாள் விடாமல் மூடுபனி என்றால் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். பழைய பாய்லரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

100 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. பழைய கூரைச் சட்டங்களின் பலத்தை நம்பி மேலே ஏற்ற வேண்டாம். சில்வர் ஓக் நிழல் விழாத இடமாகப் பார்த்து, தெற்கு நோக்கித் தரையில் ஸ்டாண்ட் போட்டு வைத்தோம். குளியலறை அதைவிடப் பள்ளத்தில் இருந்ததால் மோட்டார் தேவைப்படவில்லை.

கையில் காசு மிச்சமிருந்தால் தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்து, ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். ஆனால் இடுக்கை அடைத்த அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தயவுசெய்து தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

பேனல் கடைசியில். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கூரை சொந்தமாக இருக்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீடான லைன் வீட்டில் இருக்கும் என் சித்திக்கு அது கிடைக்காது. இந்த மலையிலேயே அதிகம் குளிரில் நடுங்குவது அந்த வீடுகள்தான். நீங்களும் லைன் வீடு என்றால் சொல்லுங்கள், கழற்றி எடுத்துப் போகிற மாதிரி என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.