முலாம் பட்டறைக் கழிவுநீரில் போகும் செம்பு, வெள்ளி, நிக்கலைத் திரும்ப எடுக்க முடியுமா? சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகுமா?

முடியும். வெள்ளிக்கும் செம்புக்கும் கட்டுப்படியாகும், நிக்கலுக்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஆனால் எந்த இயந்திரம் வாங்கலாம் என்று விசாரிப்பதற்கு முன்னால், எல்லாத் தொட்டித் தண்ணீரையும் ஒரே குழாயில் விடுவதை நிறுத்துங்கள். உலோகம் மீளாமல் போவதற்கு முதல் காரணம் அந்த ஒற்றைக் குழாய்தான்.

நான் காரைக்குடிக்காரன். இங்குள்ள சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் படித்துவிட்டு, முலாம் பட்டறைகளுக்குக் கழிவுநீர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-ல் அடிக்கல் நடப்பட்ட நிலையம் அது. இதே ஊர் நகைப் பட்டறைகளில் பத்தர்கள் கை கழுவிய தண்ணீரைக்கூடச் சாக்கடைக்கு விடமாட்டார்கள். தேக்கிவைத்து, அடியில் படியும் வண்டலைத் தரை கூட்டிய மண்ணோடு சேர்த்து உருக்கக் கொடுப்பார்கள். அந்தக் கவனம் செம்புக்கும் வேண்டும்.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். நிக்கல், செம்பு, துத்தநாகம் கழுவிய தண்ணீரெல்லாம் ஓரிடத்தில் சேரும். சுண்ணாம்பு போட்டுக் காரத்தை ஏற்றினால் அத்தனையும் ஹைட்ராக்சைடாகத் திரண்டு சேறாகப் படியும். தண்ணீர் விதிக்குள் வந்துவிடும். செம்புக்கும் நிக்கலுக்கும் வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். ஆனால் கலந்துபோன சேற்றிலிருந்து ஒவ்வொரு உலோகமாகப் பிரிப்பது சிறு பட்டறையால் ஆகாத காரியம். காசு கொடுத்து வாங்கிய உலோகத்தைக் காசு கொடுத்தே புதைக்கிறோம். எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி தெரிந்த எனக்கு, அந்தச் சேற்றைப் பட்டறைக் கொல்லையில் மழை படும்படி குவித்திருப்பதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

அடுத்தது கழுவும் முறை. முலாம் கரைசலிலிருந்து தூக்கும் பொருளோடு கொஞ்சம் கரைசல் ஒட்டிக்கொண்டு வரும். மணிக்கு ஒரு லிட்டர் அப்படி வருகிறது, அதை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தொட்டியில் கழுவினால் மணிக்கு 1000 லிட்டர் தண்ணீர் வேண்டும். பொருள் போகும் திசைக்கு எதிராகத் தண்ணீர் வழியும்படி இரண்டு தொட்டி வைத்தால் சுமார் 32 லிட்டர், மூன்று வைத்தால் சுமார் 10 லிட்டர் போதும். “இடம் எங்க தம்பி இருக்கு?” என்று ஒரு பட்டறைக்கார அண்ணன் கேட்டார். “பெரிய தொட்டி வேண்டாம்ணே, பொருள் முங்குற அளவுல மூணு போதும்” என்றேன். தண்ணீர் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்க, முதல் தொட்டியில் உலோகம் செறிவாக, தனியாக நிற்கும். மீட்பதற்கு அதுதான் இடம்.

செம்புக்கும் வெள்ளிக்கும் அங்கேயே மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரம் செலுத்தி உலோகத்தைத் தகட்டில் படியவைக்கும் முறை, வைக்கலாம். அதற்கு வேண்டிய நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் கணக்குப்படி 1.19 கிராம் செம்பு, சயனைடு கரைசலிலிருந்து சுமார் 4 கிராம் வெள்ளி கேத்தோடு எனும் எதிர்மின் தகட்டில் படியும். 2 வோல்ட்டில், மின்சாரம் சற்றும் வீணாகாவிட்டால், ஒரு கிலோ செம்புக்கு 1.7 யூனிட்தான். நடைமுறையில் கூடும். கரைசல் நீர்க்க நீர்க்க உலோக அயனிகள் தகட்டை எட்டுவது குறைந்து, மின்சாரம் ஹைட்ரஜன் குமிழியாகப் போய்விடும். அதனால்தான் சுழலும் கேத்தோடு, கார்பன் நுரை போன்ற பரப்பு மிகுந்த கேத்தோடுகள் வந்தன. வெள்ளித் தொட்டியில் இன்னொரு நன்மை, ஆனோடு எனும் நேர்மின் தகட்டில் சயனைடும் ஓரளவு சிதைந்து நச்சு குறையும். ஆனால் சயனைடுள்ள தண்ணீரில் தவறியும் அமிலம் சேரக் கூடாது. எழும் வாயு ஆளைக் கொன்றுவிடும். தனிக் குழாய் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

நிக்கல் அவ்வளவு எளிதில் படியாது. ஹைட்ரஜன் போட்டிக்கு வரும். அதற்கு, உலோக அயனியைப் பிடித்துக்கொண்டு வேறு அயனியை விடும் மணிகளான அயனிப் பரிமாற்ற ரெசின் நல்லது. கழுவிய தண்ணீரை அதன் வழியே விட்டால் நிக்கல் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மறுபடி கழுவ உதவும். ரெசின் நிறைந்ததும் கந்தக அமிலத்தால் கழுவினால் நிக்கல் சல்பேட் கிடைக்கும். அமிலத்தைச் சரிசெய்து, மாசு இல்லை என்று சோதித்த பிறகு முலாம் தொட்டிக்கே சேர்க்கலாம்.

மண்டபம் பக்கத்துக் கடற்பாசியான சர்காசத்தால் உலோகத்தை உறிஞ்ச வைக்கும் முறையையும் சிலர் கேட்கிறார்கள். வேதியியல் உண்மைதான், அந்தப் பாசியில் உள்ள ஆல்ஜினேட் என்ற பொருள் உலோக அயனியைப் பிடிக்கும். என்னைக் கேட்டால், கடைசியில் மிஞ்சும் சில மில்லிகிராமுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆக, முதலில் ஒவ்வொரு கழுவு தொட்டியிலும் லிட்டருக்கு எவ்வளவு உலோகம் என்று தனித்தனியாகச் சோதித்து வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் யார் விலைப்பட்டியல் கொடுத்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சேற்றை, நல்ல விலை தருகிறார் என்பதற்காக வழியில் வருபவரிடம் விற்றுவிடவும் வேண்டாம். 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்றவரிடம்தான் அது போக வேண்டும்.